அ முதல் ஃ வரை பாடுகிறாள், ஆனால் எழுத்து தெரியவில்லை. பென்சிலும் பிடிக்க வரவில்லை: என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். மகளுக்கு நாலரை வயது. அ முதல் ஃ வரை ஒரே மூச்சில் பாடிவிடுகிறாள். ஆனால் புத்தகத்தில் எங்காவது எ-வைக் காட்டி "இது என்ன?" என்றால் விழிக்கிறாள், இல்லாவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள். பென்சிலை முஷ்டியில் பிடிக்கிறாள். அரைப்பக்கம் எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்று அழுகிறாள். ட-வைத் திருப்பிப் போடுகிறாள். பள்ளியிலிருந்து தினமும் புள்ளிக்கோட்டின் மேல் எழுதும் தாள் இரண்டு வருகிறது. பக்கத்து வீட்டுப் பையன் இதே வயதில் தன் பெயரையே எழுதுகிறான். "எந்தப் பயிற்சிப் புத்தகம் வாங்கலாம்?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் படித்தபோது எனக்குக் கேட்டது வேறு: இவளுக்கு ஏதாவது குறையா, நாம் ஏதாவது செய்யாமல் விட்டுவிட்டோமா?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை. முஷ்டிப் பிடி ஒன்றுதான் இந்த வயதுக்குக் கொஞ்சம் தாமதம். அதைக் கவனிக்க வேண்டும், கீழே வருகிறேன். மற்றதெல்லாம் நாலரை வயதில் தினமும் பார்க்கிற விஷயங்கள். நான் மழலையர் கல்வி படித்து, 3 முதல் 6 வயதுக் குழந்தைகளோடு நீண்ட காலமாக வேலை செய்கிறவள். மருத்துவர் இல்லை, உங்கள் மகளை நேரில் பார்க்கவும் இல்லை. அதனால் எது உறுதி, எது என் அனுபவத்தில் பட்டது, எது இன்னும் சந்தேகத்தில் இருப்பது என்று பிரித்தே சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி ஒரு வரி: இந்த வயதில் ஒரே வகுப்புக்குள்ளேயே ஒன்றரை, இரண்டு வருட வித்தியாசம் இருப்பதுபோலத் தெரியும். அவனை மறந்துவிடலாம்.

எழுத்தை அடையாளம் காண்பது கண்ணும் காதும் செய்கிற வேலை. எழுதும்போது அதோடு கையும் சேர்கிறது. கண் ஒரு வேகத்தில் வளரும், கை இன்னொரு வேகத்தில் வளரும். நாமோ எழுத எழுதத்தான் எழுத்து மனதில் நிற்கும் என்று நம்பி, இரண்டையும் முதல் நாளிலிருந்தே பென்சிலோடு கட்டிவிடுகிறோம். கை தயாராகாத குழந்தைக்கு இதனால் இரண்டு பக்கமும் நஷ்டம். கோட்டைத் தாண்டாமல் போவதிலேயே கவனம் முழுவதும் போவதால் எழுத்தின் உருவம் மனதில் ஏறுவதில்லை. சரியாக வரவேண்டுமே என்ற பதற்றத்தில் கை இன்னும் இறுகி வலிக்கிறது. அதனால் உங்களுக்கு நான் சொல்வது இது: அடுத்த சில மாதங்களுக்கு எழுத்துகளைப் பென்சில் இல்லாமல் பழக்குங்கள், கையை எழுத்து இல்லாமல் பழக்குங்கள். இரண்டும் கொஞ்சம் தேறியதும் சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் கண்ணும் காதும். வரிசையாகப் பாடுவதற்குக் கண் தேவையே இல்லை. அது ஒரு பாட்டு, அவ்வளவுதான். பாட்டில் தப்பில்லை, ஆனால் அதை வைத்து எழுத்து தெரியும் என்று கணக்கு வைக்கக்கூடாது. சுவரில் மாட்டும் எழுத்துப் படத்திலும் இதே ஏமாற்று உண்டு. அணில் படத்தின் பக்கத்தில் இருக்கும் அ-வைக் காட்டினால் குழந்தை "அ" என்று டக்கென்று சொல்லும். உங்கள் உள்ளங்கையால் அணிலை மூடிக்கொண்டு அதே எழுத்தைக் கேளுங்கள். பல குழந்தைகள் உங்கள் கையை விலக்கி அணிலைத் தேடுவார்கள். அவர்கள் இதுவரை படித்தது அணிலை. இன்னும் சிலர் மேல்வரிசையில் முதல் கட்டம் என்று இடத்தை நினைவில் வைத்திருப்பார்கள். அட்டவணையைத் தலைகீழாக மாட்டினால் எல்லாம் போய்விடும்.

அதனால் படம் இல்லாத வெள்ளை அட்டைகள் செய்யுங்கள். ஒரு எழுத்துக்கு இரண்டு அட்டை, கறுப்பு மையில், பெரிதாக. இதில் மூன்று படி உண்டு, ஒன்றைவிட அடுத்தது கடினம். ஒன்று, "இதே மாதிரி இன்னொன்றை எடு" என்று ஜோடி சேர்ப்பது. இரண்டு, நாலைந்து அட்டைகளைப் பரப்பி "ம எங்கே?" என்று கேட்டுக் காட்டச் சொல்வது. மூன்று, அட்டையைக் காட்டி "இது என்ன?" என்பது. நாம் பெரும்பாலும் எடுத்ததுமே மூன்றாவதற்குத் தாவிவிடுகிறோம். எடுத்துக் காட்டத் தெரிந்த பிறகும் வாய் திறந்து பெயர் சொல்ல வாரக்கணக்கில் ஆகலாம், அதில் தவறில்லை. மாண்டிசோரி வகுப்புகளில் மூன்று படிப் பாடம் என்று நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான், அங்கே முதல் படியில் ஜோடி சேர்ப்பதற்குப் பதிலாக ஆசிரியர் "இது ம" என்று அறிமுகம் செய்வார். உங்கள் மகள் எந்தப் படியில் நிற்கிறாள் என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். ஒரே நாளில் அரைமணி நேரம் உட்கார வைப்பதைவிட ஐந்தாறு நாள் சின்னச் சின்னதாகச் செய்வது நினைவில் நிற்கும். இதில் ஆய்வுகளுக்கும் வகுப்பறைக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

எந்த எழுத்திலிருந்து தொடங்குவது? அ, ஆ, இ, ஈ என்ற வரிசைக்கு இலக்கணத்தில் காரணம் உண்டு, ஆனால் கண்ணுக்கு அந்த வரிசை கொஞ்சம் கொடுமை. அ-வும் ஆ-வும் அடுத்தடுத்து, எ-வும் ஏ-வும் அடுத்தடுத்து, ஒ-வும் ஓ-வும் அடுத்தடுத்து. உருவத்திலும் ஒலியிலும் ஒட்டிப்பிறந்தவற்றை ஒரே வாரத்தில் அறிமுகப்படுத்தினால் குழந்தை குழம்பத்தான் செய்யும். நீங்கள் சொன்ன எ-வையே எடுத்துக்கொள்ளுங்கள். எ-வுக்கும் ஏ-வுக்கும் வித்தியாசம் கீழே இழுத்த ஒரு சின்னக் கோடு. பெரியவர்கள் நமக்கு அது பளிச்சென்று தெரிவது பல வருடப் பழக்கத்தால். குழந்தைக்கு அது அச்சுப் பிழை போலத்தான் தெரியும். எ நன்றாகத் தெரிந்த பிறகு, சில வாரம் கழித்து ஏ-வைக் கொண்டுவந்து இரண்டையும் பக்கத்தில் வைத்து "என்ன கூடியிருக்கிறது?" என்று கேட்டால் கதையே வேறு.

முதல் எழுத்து அவள் பெயரின் முதல் எழுத்தாக இருக்கட்டும். குழந்தைகள் மற்ற எழுத்துகளைவிடத் தங்கள் பெயரின் எழுத்துகளை முன்னதாகக் கற்கிறார்கள் என்பது பல மொழிகளில் பார்த்து உறுதியான விஷயம். பெயர் ஸ்ரீ-யில் தொடங்கினால்கூட, அந்தச் சிக்கலான உருவத்தைத்தான் "என் எழுத்து" என்று போகிற இடமெல்லாம் காட்டும். அப்புறம் வீட்டில் இருப்பவர்களின் பெயர் எழுத்துகள். அதற்கடுத்து நான் ட, ப, ம-வுக்குப் போவேன். ஆசிரியர்களிடையே பழைய வழக்கம் இது, காரணமும் நல்ல காரணம். ட என்பது மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கமாக ஒரு கோடு. வலப்பக்கம் மேலே ஏற்றினால் ப. அதில் ஒரு வளைவு கூடினால் ம. இந்த மூன்றும் ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று உண்மையான சொற்களையே வாசிக்கலாம். தனித்தனி எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்த குழந்தை முதல்முறை "ப... ட... ம்... படம்!" என்று சேர்த்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது, எழுத்து எதற்காக என்பது அதற்குப் புரிந்திருக்கும். உயிரெழுத்து பன்னிரண்டையும் முடித்த பிறகுதான் மெய்யைத் தொடவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எழுத்தைச் சொல்லும்போது ஒலியைச் சொல்லுங்கள். ஆனா, ஆவன்னா, மூன்று சுழி ணகரம் என்ற பெயர்களெல்லாம் பின்னால் வரட்டும். தமிழில் இது நமக்குப் பெரிய வசதி: எழுத்தைக் காட்டி அதன் ஒலியைச் சொன்னாலே பாதி வாசிப்பு முடிந்தது. காதுக்கும் தனியாக விளையாட்டு வேண்டும், அதற்கு எழுத்தே வேண்டாம். "இ-ல தொடங்குற மாதிரி ஒண்ணு சொல்லு" என்றால் இலை, இறகு, இமை என்று மாறி மாறிச் சொல்வது. சொல்லைக் கைதட்டிப் பிரிப்பது: அ-ணில் இரண்டு தட்டு, க-ர-டி மூன்று தட்டு. சொல்லுக்குள் இருக்கும் ஒலியைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த குழந்தைக்கு எழுத்து சுலபமாக ஒட்டுகிறது. எழுத்து தெரியத் தெரிய இந்தக் காதும் கூர்மையாகிறது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகும்.

247 எழுத்து என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216 உயிர்மெய். அவற்றை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. துணைக்கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகள் பிடிபட்டால் பெரும்பாலானவை தானாக வரும். கு, சு, டு, மு வரிசையும் கூ, சூ, டூ, மூ வரிசையும்தான் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மாதிரி உருமாறி உயிரை எடுக்கும். கெ, கே, கை-யில் கொம்பு முன்னால் எழுதப்பட்டுப் பின்னால் ஒலிப்பதும் குழந்தைகளுக்கு விநோதமாக இருக்கும். இதெல்லாம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புச் சமாசாரம். நம் எழுத்து முறையைப் போன்றதே கன்னடம். அதில் ஆய்வாளர் சோனாலி நாக் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துகள் முழுவதும் கைவர ஆங்கில எழுத்துகளைவிட அதிகக் காலம் பிடிக்கிறது, தொடக்கப்பள்ளி வருடங்களுக்குள்ளும் அது நீள்கிறது என்று தெரிந்தது. ஆங்கில அரிச்சுவடிக்காகப் போட்ட கால அட்டவணையைத் தமிழுக்கு அப்படியே பொருத்தினால் நல்ல குழந்தைகூடப் பின்தங்கியதாகத் தெரியும். ண-ன, ர-ற, ல-ள-ழ குழப்பமும் இப்போது வேண்டாம். மூன்று சுழி, இரண்டு சுழி என்று எண்ணிப் பார்க்கும் பொறுமை இன்னும் ஒரு வருடத்தில் வரும்.

இங்கே ஒரு கிளைக்கதை. தாத்தா பாட்டி யாராவது வீட்டில் எழுதிக் காட்டுகிறார்களா? 1978-ல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்கள் லை, ளை, ணை, னை ஆகியவற்றை மேலே துதிக்கை வைத்த பழைய வடிவிலும், ணா, றா, னா-வைச் சுழித்த பழைய வடிவிலும் எழுதுவார்கள். அழகான வடிவங்கள்தான். ஆனால் புத்தகத்தில் வேறு, பாட்டி கையில் வேறு என்றால் தொடக்கத்தில் குழம்பும். கொஞ்ச நாளைக்குப் புதிய வடிவில் எழுதச் சொல்லிவிடுங்கள்.

ட-வைத் திருப்பிப் போடுவதைப் பற்றிக் கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். பூனை இடப்பக்கம் திரும்பினாலும் வலப்பக்கம் திரும்பினாலும் பூனைதான் என்று அடையாளம் காணும்படி நம் பார்வை அமைந்திருக்கிறது. எழுத்துக்கு மட்டும் திசை முக்கியம் என்பதைக் குழந்தை புதிதாகக் கற்க வேண்டும், பழைய பழக்கத்தை அந்த ஒரு இடத்தில் விட்டுவிட வேண்டும். ஏழு வயது வரை அவ்வப்போது திருப்பி எழுதுவது எல்லா மொழிகளிலும் உண்டு. அதை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா (வாசிக்கவும் எழுதவும் கற்பதில் வரும் குறைபாடு) என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆங்கிலத்தில் கண்ணாடியில் காட்டினால் சின்ன பி சின்ன டி-யாகிவிடும்; தமிழில் அப்படி ஒன்று இன்னொன்றாக மாறும் தொல்லை அநேகமாக இல்லை. திருத்தும்போது அழித்துத் திரும்ப எழுதச் சொல்ல வேண்டாம். சரியான அட்டையை மேலே வைத்து "ட-வோட கால் எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டிருக்கு?" என்று கேட்டாலே போதும்.

இனி கை. முதலில் ஒரு வதந்தியை ஓரங்கட்டிவிடுகிறேன். சின்னக் குழந்தையின் கை எக்ஸ்ரேயையும் ஏழு வயதுக் குழந்தையின் எக்ஸ்ரேயையும் பக்கத்தில் வைத்து, "எலும்பே இல்லாத கையில் எழுதச் சொல்லாதீர்கள்" என்று ஒரு படம் சுற்றி வருகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். அதில் பாதி உண்மை. மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாக இருக்கும், ஒவ்வொன்றாகக் கெட்டியாகும், கடைசி எலும்பு எக்ஸ்ரேயில் தெரிய 8 வயதுக்கு மேலும் ஆகலாம். ஆனால் எக்ஸ்ரேயில் தெரியாத இடம் வெற்றிடம் இல்லை, அங்கே குருத்தெலும்பு இருக்கிறது. அதனால் எழுதவே முடியாது, எழுதினால் கெடும் என்பதற்கு அந்தப் படம் ஆதாரம் ஆகாது. அவளுடைய கை வலிக்குக் காரணம் பெரும்பாலும் இறுக்கிப் பிடிப்பதும், விரல்களுக்குப் பதிலாக முழங்கையிலிருந்து பென்சிலைத் தள்ளுவதும்தான்.

பிடி ஒரு ஒழுங்கில் வளர்கிறது. ஒன்றரை வயதில் முஷ்டி, இரண்டு மூன்று வயதில் விரல்கள் கீழ்நோக்கிய பிடி, மூன்றரை நாலு வயதில் மூன்று விரலில் பிடித்தாலும் கை மொத்தமாக நகர்வது, அதன் பிறகு ஆறு வயதுக்குள் விரல்கள் மட்டும் அசைந்து எழுதுவது. ஒவ்வொரு குழந்தைக்கும் முன்பின் ஆகும். நாலரையில் முஷ்டி என்றால், கைக்கு இன்னும் வேலை கொடுக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளலாம். அதே சமயம் மூன்று விரல் பிடி ஒன்றுதான் சரி என்று பிடிவாதம் வேண்டாம். கனடாவில் நான்காம் வகுப்பு மாணவர்களிடம் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், மூன்று விரல், நான்கு விரல், கட்டைவிரல் குறுக்கே வந்த வகைகள் என்று நான்கு பிடிகளை ஒப்பிட்டார்கள். வேகத்திலோ எழுத்துத் தெளிவிலோ வித்தியாசம் தெரியவில்லை. விரல்கள் அசைய இடம் இருக்கிறதா, வலிக்கிறதா என்பதைப் பாருங்கள்.

"பென்சிலைச் சரியாப் பிடி" என்று விரலை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதால் பெரிய பயன் இல்லை. ஐந்து நொடியில் பழையபடி போய்விடும். பொருளை மாற்றினால் பிடி தானாக மாறும். கிரேயானைக் கட்டைவிரல் நுனியளவுக்கு உடைத்துக் கொடுங்கள். அவ்வளவு சின்னத் துண்டை முஷ்டியில் பிடிக்க இடமே இருக்காது, விரல் நுனிகள்தான் வந்தாக வேண்டும். புதுப் பெட்டியை உடைக்க மனம் வராது, தெரியும். உடைந்த பழையவற்றை எறியாமல் வையுங்கள். அடுத்து, தாளை மேசையில் வைக்காமல் அவள் கண் உயரத்தில் சுவரில் ஒட்டுங்கள், அல்லது கரும்பலகையில் வரைய விடுங்கள். நிமிர்ந்த பரப்பில் வரையும்போது மணிக்கட்டு பின்பக்கம் மடிந்து நிற்கும். அந்த நிலையில் விரல்கள் நன்றாக வேலை செய்யும், தோளும் கூடவே உழைக்கும். தோள் உறுதியானால் விரல் நுணுக்கம் தானாக வரும் என்று எங்கள் துறையில் அடித்துச் சொல்வார்கள். அந்தத் தொடர்பு அவ்வளவு நேரடியானது என்று ஆய்வுகளில் நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் ஓடுவது, தொங்குவது, ஏறுவது எதுவும் வீண் போகாது.

விரல்களுக்கு எனக்குப் பிடித்த விளையாட்டு ஒன்று. நான்கைந்து நாணயங்களை ஒரே கையால், ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கைக்குள் சேர்க்கச் சொல்லுங்கள். எல்லாம் உள்ளே போனதும், மற்ற கையின் உதவி இல்லாமல், ஒரு நாணயத்தை உள்ளங்கையிலிருந்து விரல் நுனிக்கு நகர்த்தி உண்டியலில் போட வேண்டும். பார்க்கச் சுலபம். குழந்தை செய்யும்போது கவனியுங்கள்: மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கி மற்ற நாணயங்களைக் காவல் காக்கும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தனியாக வேலை செய்யும். எழுதும்போது கை இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து இயங்க வேண்டும். முதல் சில நாள் எல்லா நாணயமும் சிதறும், அல்லது நெஞ்சோடு கையை அணைத்துக்கொண்டு சமாளிப்பாள். வரைகிற நேரத்திலும் கடைசி இரண்டு விரலுக்குள் ஒரு பஞ்சு உருண்டையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் நாணயம், மணி எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போய்விட வேண்டும்.

மற்றவை நீங்களே கண்டுபிடிக்கக்கூடியவை: துணிக் கிளிப்பை அழுத்தி மாட்டுவது, காகிதத்தைச் சின்னச் சின்னதாகக் கிழித்து ஒட்டுவது, மணி கோப்பது, சட்டைப் பொத்தானைத் தானே போடுவது, களிமண்ணை உருட்டி நீட்டுவது. கத்தரிக்கோலைத் தவற விடாதீர்கள். ஒரு கை வெட்ட, மற்றது தாளைத் திருப்ப என்று இரண்டு கைக்கும் தனித்தனி வேலை கொடுக்கிற பொருள் அதைப்போல வேறு இல்லை. குழந்தைகளுக்கான முனை மழுங்கிய கத்தரி, நீங்கள் பக்கத்தில், முதலில் பட்டையான தாளில் ஒரே வெட்டு, பிறகு நேர்கோடு, வட்டம் வெட்டுவது கடைசி.

எழுத்து எழுதக் கை தயாரா என்று பார்க்க ஒரு வழி: வடிவங்கள். நேர்கோடு, படுக்கைக்கோடு, வட்டம், கூட்டல் குறி, சதுரம், சாய்கோடுகள், பெருக்கல் குறி, முக்கோணம். ஏறக்குறைய இந்த வரிசையில்தான் குழந்தைகளுக்குப் பார்த்து வரைய வருகிறது. வட்டம் 3 வயதை ஒட்டி, கூட்டல் குறி 4-ல், சதுரம் நாலரை வாக்கில், முக்கோணம் 5-ல் என்று சராசரி. முக்கோணம் வரை வந்த பிறகே எழுத்தைத் தொடங்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கு கோடுகள் நிறைந்த ஆங்கில எழுத்தை மனதில் வைத்துப் போட்டது. சுழியும் வளைவும் நிறைந்த தமிழுக்கு அதை அப்படியே சட்டமாக்க நான் தயங்குவேன். என் அனுபவத்தில், வட்டத்தைத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து மூடத் தெரிந்து, கூட்டல் குறியும் போடுகிற குழந்தை ட, ப-வைத் தொடலாம். அ, இ, ஐ, ஔ காத்திருக்கட்டும். நாம் முதலில் எழுதச் சொல்கிற அ, எழுதுவதற்குக் கடினமான எழுத்துகளில் ஒன்று.

இப்போது அந்தப் புள்ளிக்கோட்டுத் தாள். உங்கள் மகள் அதில் அ எழுதும்போது தாளைப் பார்க்காமல் பென்சில் முனையைப் பாருங்கள். சுழியில் தொடங்கி வளைந்து வந்து நேர்கோட்டில் முடிய வேண்டிய எழுத்து அது. பல குழந்தைகள் நேர்கோட்டைக் கீழிருந்து மேலாக இழுப்பார்கள், பிறகு வளைவுக்கு வருவார்கள், சுழியைக் கடைசியில் தனியாக ஒரு வட்டமாக ஒட்டுவார்கள். தாள் முடிந்ததும் பார்த்தால் அச்சு அசலாக அ இருக்கும், சரி போட்டுக் கொடுத்துவிடுவார்கள். குழந்தை செய்தது புள்ளிகளைச் சேர்த்தது. அதனால்தான் இருபது அ எழுதிய கையோடு "இது என்ன?" என்றால் விழிக்கிறாள்.

இதில் ஆய்வுகளும் கொஞ்சம் உண்டு. 2005-ல் பிரான்சில் வெளியான ஒரு ஆய்வில், தட்டச்சு செய்து கற்றவர்களைவிடக் கையால் எழுதிக் கற்ற குழந்தைகள் எழுத்துகளை நன்றாக அடையாளம் கண்டார்கள், அதுவும் வயதில் சற்றுப் பெரியவர்களிடம்தான் அந்த வித்தியாசம் தெரிந்தது. 2012-ல் அமெரிக்காவில் எழுதப் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளிடம், கோட்டின் மேல் எழுதுவது, தட்டச்சு, பார்த்துத் தானாக எழுதுவது மூன்றையும் ஒப்பிட்டார்கள். தானாக எழுதிய எழுத்தைப் பார்க்கும்போதுதான் வாசிப்புக்கான மூளைப் பகுதிகள் அதிகம் இயங்கின. கோணல்மாணலாக, ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி வருவதே நன்மைக்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். இரண்டாவது ஆய்வில் இருந்தது இருபதுக்கும் குறைவான குழந்தைகள், இரண்டும் தமிழ் எழுத்தில் நடந்தவை அல்ல. அதனால் கல்லில் பொறித்த உண்மையாகச் சொல்ல மாட்டேன். வகுப்பில் நான் பார்ப்பதோடு பொருந்துகிறது, அவ்வளவுதான்.

ஆக, கையையும் எழுத்தையும் சேர்க்கும் நேரம் வரும்போது இப்படிச் செய்யுங்கள். நீங்கள் கரும்பலகையில் பெரிதாக ஒரு ட எழுதுங்கள், எழுதும்போதே "மேலேயிருந்து கீழே... அப்படியே வலப்பக்கம்" என்று சொல்லுங்கள். அவள் விரலால் அதன் மேல் போகட்டும், பிறகு மணல் பரப்பிய தட்டில் விரலால் எழுதட்டும், பிறகு சாக்பீஸில். அப்புறம் உங்கள் எழுத்தை அழித்துவிட்டு நினைவிலிருந்து ஒன்று. கோணலாக வந்தாலும் அந்த ஒன்று புள்ளிக்கோட்டில் எழுதிய பக்கத்தைவிட மேல். மூன்று நான்கு போதும், அதில் எது நன்றாக வந்திருக்கிறது என்று அவளையே வட்டம் போடச் சொல்லுங்கள். பயிற்சிப் புத்தகம் வாங்கியே ஆக வேண்டும் என்றால், எழுத்து இல்லாமல் புதிர்ப்பாதை, வளைகோடு, வெட்டி ஒட்டும் பக்கங்கள் உள்ளதாக வாங்குங்கள். திரையில் விரலால் எழுத்தின் மேல் தேய்க்கும் செயலிகள் எழுத்தின் ஒலியை நினைவூட்ட உதவலாம். கைக்கு அதில் வேலை இல்லை.

இடக்கையா வலக்கையா என்பது நாலிலிருந்து ஆறு வயதுக்குள் தெளிவாகிவிடும். பொருளை நடுவில் வைத்து எந்தக் கையால் எடுக்கிறாள் என்று பாருங்கள், மாற்ற வேண்டாம். இடக்கை என்றால் தாளை உடலின் இடப்பக்கம் நகர்த்தி, மேல்முனை வலப்பக்கம் சாயும்படி வைத்து, பென்சிலைச் சற்று மேலே பிடிக்கப் பழக்கினால் எழுதியதைக் கை மறைக்காது.

பள்ளியில் ஆசிரியரிடம் பேசுங்கள், சண்டையாக இல்லாமல். அவருக்கும் மேலிருந்து நெருக்கடி இருக்கும். "இரண்டு பக்கத்துக்குப் பதிலாக இரண்டு வரி எழுதுகிறாள், மீதி நேரம் வீட்டில் இந்த வேலைகள் செய்கிறோம், ஒரு பருவம் பார்க்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். எழுத்தைத் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி வைத்துக் கொடுக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? ஒரு கையை மட்டுமே பயன்படுத்தி மற்றதைத் தொங்கவிட்டாலோ, கை நடுங்கினாலோ, முன்பு செய்ததைச் செய்ய முடியாமல் போனாலோ காத்திருக்க வேண்டாம். புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோனால், கண்ணைச் சுருக்கினால் கண் பரிசோதனை. அடிக்கடி காதுவலி வந்தாலோ, அவள் பேச்சு வெளியாட்களுக்குப் புரியாவிட்டாலோ காதைப் பார்த்துவிட வேண்டும். சரியாகக் கேட்காத காதுக்கு எழுத்து ஒலி ஒட்டாது. டிஸ்லெக்சியாவை இந்த வயதில் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வீட்டில் யாருக்காவது வாசிப்பில் பெரிய சிரமம் இருந்திருந்தால் அதை மருத்துவரிடமும் பள்ளியிலும் சொல்லி வையுங்கள். ஐந்து தாண்டியும் முஷ்டிப் பிடியே தொடர்ந்து, வட்டம்கூட மூட வராமல், பொத்தான் போடவும் சிரமப்பட்டால் குழந்தை மருத்துவர் மூலமாக ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டை (எழுதுவது, பொத்தான் போடுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் நிபுணர்) பாருங்கள். போகும்போது அவள் எழுதிய தாள்களோடு, எழுதும்போது கை மட்டும் தெரியும்படி எடுத்த ஒரு நிமிட வீடியோவையும் கொண்டுபோங்கள். தாளைவிட அதிலிருந்துதான் அவர்களுக்கு அதிகம் தெரியும்.